கேத்தரின் எடுத்து வைத்த அரிசி

மலேசியாவில், கிள்ளானில் அந்த அடுக்குமாடி வீட்டில் காலை ஐந்தரைக்கெல்லாம் கேத்தரின் அடுப்படிக்கு வந்துவிடுவார். அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டதும், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பழைய மைலோ டின்னில் போடுவார். வாய்க்குள் ஒரு வரி ஜெபம் ஓடும். மாலைச் சமையலுக்கும் அப்படியே. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டின் சபைக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டி, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். இருபத்தைந்து வருடமாக அவர் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அவருடைய ஒரே மகன் ஜோனத்தன் டெக்னீஷியன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் அவன் கண்ணில் பட்டுவிடும். சென்ற ஆண்டு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வேலை தேடி அலைந்தபின், செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி லோரி ஓட்டப் போனான். கேத்தரின் பங்சாரில் ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையும் போயிற்று. வயது அறுபத்து நான்கு, உடம்பில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது அரிசிப் பையின் அடி தெரிந்தது. கேத்தரினின் கை டின்னுக்கு மேலே இருந்தது.

"அம்மா, இனிமே அதுல போடாத."

"ஒரு பிடிதானேடா."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மாசத்துக்கு அறுபது பிடி. யாருக்கு அனுப்புற?"

"இல்லாதவங்களுக்கு."

"இல்லாதவங்க நாமதான் லா. லிஸ்ட்ல நம்ம பேர எழுதச் சொல்லு."

கேத்தரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ போடுற கணக்குக்கு ஆண்டவரே உன்கிட்ட வந்து கால்குலேட்டர் கேப்பாரு."

அவன் சிரிக்கவில்லை. முதுகு வலித்தது. "நான் மூட்டை தூக்கிக் கொண்டாந்த அரிசி அது. அதுல கை வைக்காத."

கேத்தரின் கையிலிருந்ததைப் பாத்திரத்திலேயே போட்டார். "சரிய்யா. உன் அரிசில கை வைக்கல."

மறுநாள் அடுப்படித் தட்டில் டின் இல்லை. விஷயம் முடிந்தது என்று அவன் நினைத்தான்.

அதற்குப் பிறகு அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்யா" என்பார் கேத்தரின். அவன் தட்டு மட்டும் எப்போதும்போல் நிறைந்திருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் விரலில் குத்தி இரத்தத்தில் சீனி அளவு பார்த்தார். மெஷினை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியாடா? நாலுக்கும் கீழ! போன வருஷம் பத்துன்னு டாக்டர் என்ன திட்டுத் திட்டினாங்க! கர்த்தர் நல்லவர்."

"நல்லதும்மா," என்றான் அவன். கண் கைத்தொலைபேசியில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செலாயாங்கில் முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு சீதாலெட்சுமி போனில் கூப்பிட்டார். "தம்பி, அம்மா அடுப்படில விழுந்து கிடக்காங்க. எழுப்பினா எந்திரிக்கல. ஆம்புலன்ஸ் வந்துருச்சு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஏறினால் மட்டுமல்ல, இறங்கினாலும் ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். சீனி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாரா என்று கேட்டார்.

"எங்கம்மா மூணு வேளையும் சாப்பிடுவாங்க டாக்டர்," என்றான் ஜோனத்தன். அப்படித்தான் நம்பினான்.

வெள்ளிக்கிழமை மதியம் கேத்தரின் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் சேலைகளை எடுத்து வைக்கும்போது, அலமாரியின் அடித்தட்டில் துண்டு சுற்றிய டின் கிடைத்தது. மூடி வரைக்கும் அரிசி. அவன் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

சீதாலெட்சுமி டின்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். "மகன் அரிசில கை வைக்கமாட்டேன்னு சொல்லிட்டேன் சீதா, என் சோத்துல வைக்கலாம்லன்னு சொன்னாங்க தம்பி. அளக்கும்போதே அவங்க பங்குல எடுத்துருவாங்க. மிச்சத்துல கஞ்சித் தண்ணி. நான் திட்டினேன். எனக்கு சீனி நல்லா குறையுது, நீ உன் வேலையப் பாருன்னாங்க."

வீட்டுக்கு வந்து சீனி பார்க்கும் மெஷினைத் திறந்தான். பழைய அளவுகளை அது நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினான். மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி நான்கு. மூன்று புள்ளி எட்டு. அவன் கத்திய அந்தச் சாயங்காலத்துக்கு முந்தைய வாரம் ஏழு. பிறருடைய இயந்திரங்களில் ஒரு கோடு விலகலைக் கண்டுபிடித்துப் பதினோரு வருடம் சம்பளம் வாங்கியவன் அவன்.

மாதக் கடைசி ஞாயிறு டின்னோடு சபைக்குப் போனான். அரிசி வாங்கிக் கட்டும் ஹென்றி அங்கிள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். உள்ளே பாஸ்மதி, சியாம் அரிசி, புழுங்கல், நொய் எல்லாம் கலந்து கிடந்தன.

"கொட்டுய்யா."

அவன் கொட்டவில்லை. "எங்கம்மா ஏன் அங்கிள் இத விடல? நான் சொல்லியும் ஏன் விடல?"

ஹென்றி அங்கிள் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? உங்கப்பா செத்தப்ப உனக்கு ஏழு வயசு. எட்டு மாசம் இந்தச் சாக்கு அரிசிதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு. நான்தான் மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்து போடுவேன்."

ஜோனத்தனுக்கு அந்தச் சோறு ஞாபகம் வந்தது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்து நிற்கும். அம்மாவுக்குச் சோறாக்கத் தெரியவில்லை என்று தட்டைத் தள்ளிவிடுவான். ஒருநாள் முதல் கேத்தரின் அரிசியை முன்கூட்டியே ஊறப்போட ஆரம்பித்தார். சோறு சரியாகிவிட்டது.

டின்னைக் கவிழ்த்தான். அரிசி விழுந்து முடிய ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

"அங்கிள், குடுக்கும்போது சொல்லிக் குடுங்க. இது கலப்பு அரிசி. அரை மணி நேரம் ஊறணும், இல்லன்னா பாதி வேகாது."

"சரிய்யா."

"அப்புறம், அந்த வீட்டுல யாருக்காவது இனிப்புநீர் இருக்கான்னு கேளுங்க. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. நாலுக்குக் கீழ போனா நல்லதில்லன்னு சொல்லுங்க. சாப்பிட்டேன்னு சொன்னா," என்றவன் காலி டின்னை மூடினான். "சாப்பிட்டேன்னு சொன்னா, தட்டப் பாக்கச் சொல்லுங்க."