சிரிப்பு அடங்கும்வரை லேத்து நகரவில்லை

எங்கள் பட்டறையில் இயந்திரங்களை இடம் மாற்ற வந்தவருக்கு ஆமை என்று பெயர் வைத்தது அவருடைய மைத்துனன்தான். இருபத்திரண்டு வருடத்தில் 320 இயந்திரங்கள் நகர்த்தியதாகச் சொல்வார். பட்டறைக் கணக்கு எழுதும் நான் அவர் ரசீதுகளைச் சரிபார்த்ததில் 318. நசுங்கிய விரல் ஒன்றுகூட இல்லை.

நகர்த்த வேண்டிய லேத்து இயந்திரத்துக்கு அடியில் ஐந்து இரும்புக் குழாய்கள். பின்னாலிருந்து மைத்துனன் கடப்பாரையால் நெம்புவான். பின்பக்கம் வெளிவரும் குழாயை ஆமை எடுத்து முன்னால் போட்டு, கையால் அல்ல, குச்சியால் உள்ளே தள்ளுவார். பக்கவாட்டில் நின்று 'தள்ளு', 'நிறுத்து', 'விடு' என்று சொல்வது அவர் மனைவி. வேறு யாரும் சொல்லக் கூடாது. ஆரம்பித்த வாய்தான் முடிக்க வேண்டும்.

அன்று முதலாளியம்மா பத்து இயந்திரங்களில் ஒரு லேத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார். எடை 1,140 கிலோ, தூரம் 14 மீட்டர். பன்னிரண்டு மணிக்குள் புதுக் கூடத்தில் நிற்காவிட்டால் மீதி ஒன்பதுக்கும் கிரேன்தான் என்றார். அந்த ஒன்பதை விட்டால் அவர்களுக்கு அந்த மாதம் வேறு வேலை இல்லை.

11.21க்கு லேத்து வாசலின் சரிவுப் பலகையில் ஏறியது. மைத்துனன் குனிந்து நெம்பினான். அவன் பேண்ட் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது.

"நிறு..." என்ற மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆமை அதற்குள் இரு பக்கமும் ஆப்புக்கட்டை வைத்திருந்தார்.

"அக்கா, 'விடு'ன்னு சொல்லிட்டு சிரியேன். பின்னால காத்து வருது."

சிரிப்பு இன்னும் கூடியது. கடப்பாரையை விடாமல் அவன் அப்படியே நின்றான்.

"மணி ஆகுது. நீங்களே சொல்லுங்களேன்" என்றார் முதலாளியம்மா.

"ரெண்டு வாயாச்சுன்னா யார் விரலாவது போயிரும்மா. அவ சிரிச்சு முடிக்கட்டும்" என்றார் ஆமை.

"கிரேன்காரரு இப்படிச் சிரிச்சிட்டு இருக்க மாட்டாரு."

"அவரு உக்காந்தே ஓட்டுறவரு. பேண்ட் கிழியாதுங்க."

முதலாளியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. 11.31க்கு நேரக் குறிப்பில் நான் எழுதிய வரி கோணலாக இருக்கிறது.

11.40க்கு மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து "விடு" என்றார். பிறகு "தள்ளு."

லேத்து இடம் சேர்ந்தபோது 12.04.

"நாலு நிமிஷம் லேட்டு" என்றார் முதலாளியம்மா. ஆமை தலையாட்டிவிட்டுக் குழாய்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அந்தக் குழாயையெல்லாம் எங்க எடுத்துட்டுப் போறீங்க? அவ்வளவு சிரிப்புலயும் ஒருத்தர் கைகூட அடியில போகல. மீதி ஒன்பதும் நீங்களே பண்ணுங்க."

மைத்துனன் கும்பிட்டு நன்றி சொன்னான். பிறகு முகத்தை எங்களுக்குக் காட்டியபடியே, வெளிக்கதவு வரை பின்னாலேயே நடந்து போனான்.