பூனை மீது ஒரு விசாரணை

குடியிருப்புச் சங்கத்தில் எத்தனை பேர் கை தூக்கினாலும், ஒரு வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட முடியாது. இது விதி. அச்சில் இருக்கிறது. தீபாவளி கழிந்து சில வாரங்களில், மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படி முகப்பில் நின்று இந்த விதியை நான் உரக்கப் படித்துக் காட்டியபோது, எதிர் வீட்டுக்காரர் தம் வாசல் மிதியடியைத் தூக்கி என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

“மாமி, ரூலெல்லாம் இருக்கட்டும். இதை மோந்து பாருங்கோ.”

மோந்து பார்த்தேன். விதிக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்தது.

எதிர் வீட்டுக்காரர்தான் எங்கள் சங்கத்தின் செக்ரட்டரி. இத்தனை வருடம் யாருக்கும் தொல்லை தராத எங்கள் பூனை, திடீரென்று தன் மணல் தட்டை விட்டுவிட்டு, கம்பிக் கதவின் இடுக்கு வழியே வெளியே போய், அவர் வீட்டுத் தென்னைநார் மிதியடியில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் பூனையை அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் தீர்மானம் வரும் என்றார். அதுவரை அதன் மூக்கை மிதியடியில் தேய்த்து இரண்டு போடும்படி இலவச ஆலோசனையும் தந்தார்.

என் கணவருக்குச் சண்டை போட வராது. அம்பர்நாத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் நண்பரிடம் பேசி, பூனையை அங்கே விட ஏற்பாடு செய்துவிட்டார். கிடங்கில் எலி பிடிக்கட்டுமாம். எங்கள் பூனை எலியைப் பார்த்ததே கிடையாது. மூடி வைத்த ஒரு கூடையும் வாங்கி வந்தார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில், அவர் மடியை விட்டு இறங்காத பூனை அது. கூடை வந்ததிலிருந்து அவர் அதை மடியில் ஏற்றவில்லை.

“பழகிக்கணுமோல்லியோ” என்றார்.

“அதுவா, நீங்களா?” என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் துறை விசாரணைகள் நடத்தி ஓய்வு பெற்றவள். சங்கங்களை மேற்பார்வை பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு விதி எண்ணோடும் இணைப்புகளோடும் ஒரு புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அரசாங்கம் எந்த வேகத்தில் பதில் போடும் என்பதை உள்ளேயிருந்தே பார்த்தவள் என்பதால், அதற்காகக் காத்திருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் தண்டனை கூடாது என்பதும் விதிதான். பூனை மீது விசாரணையைத் தொடங்கினேன்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. கால்நடை மருத்துவர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண். சிறுநீரைச் சோதித்துவிட்டு, கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்றார். “அடிச்சுகிடிச்சு வச்சிராதீயம்மா. அடிச்சா அதுக்குத் தப்பு வெளங்காது, ஒங்களக் கண்டாத்தான் பயப்படும். அதுக்கு அந்தத் தட்டு பிடிக்கல. ஏன்னு நீங்கதான் பாக்கணும்.”

பார்த்தேன். தட்டைப் பினாயில் போடாமல் கழுவினேன், பயனில்லை. மணலை மாற்றினேன்; பயனில்லை. சம்பவம் காலையில் மட்டுமே நடக்கிறது என்பது தவிர வேறெதுவும் புலப்படவில்லை. கூட்டத்துக்கான நோட்டீஸ் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டுவிட்டது.

அந்த வாரம், குழாய்ப் பழுது என்று செம்பூர் முழுவதும் ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. கட்டடமே பக்கெட்டும் கையுமாகப் புலம்பியது. செக்ரட்டரி தம் வாசலில் நின்று, தண்ணீர் எப்போது வரும் என்று டேங்கர்காரனிடம் போனில் “பாணி கப் ஆயேகா?” எனக் கத்திக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் காலைத் தூக்குங்கோ” என்று சொல்லிவிட்டுக் குனிந்து மிதியடியைத் தடவினேன்.

“ஊரே தவிக்கறது, நீங்க மிதியடியைத் தடவிண்டிருக்கேளே மாமி!”

“காஞ்சிருக்கு.”

“பில்டிங்லயே சொட்டுத் தண்ணி இல்லை. காயாம என்ன பண்ணும்?”

வீட்டுக்குள் ஓடினேன். பாத்திரம் துலக்கும் மோரியில் பூனையின் தட்டு. அதில் மணல் நனைந்திருந்தது. அதன் பக்கத்தில், தீபாவளிக்கு வாங்கிய புது வாஷிங் மெஷின், தண்ணீர் இல்லாததால் வாய் மூடி நின்றது. என் கணவரின் செல்லம். தினமும் காலையில் தண்ணீர் வந்ததும் முதல் வேலையாக அதை ஓட விடுவார்.

மறுநாள் தண்ணீர் வந்தது. அவரை வழக்கம்போல் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். பூனை வந்தது. ஒரு காலை மணலில் வைத்தது. மெஷின் உறுமி, குலுங்கி, தட்டையும் சேர்த்து ஆட்டியது. வைத்த காலை எடுத்தது பூனை. கம்பி இடுக்கைத் தாண்டிய பிறகுதான் நின்றது. அங்கே காலுக்குச் சொரசொரப்பாக, மணலைப் போலவே பிறாண்டத் தோதாக, ஆடாமல் அசையாமல் ஒரு மிதியடி.

“நான்தானா?” என்றார் என் கணவர்.

“மெஷின்” என்றேன்.

தட்டைப் படுக்கையறையின் அமைதியான மூலைக்கு மாற்றினோம். மருத்துவர் தந்த, வாடையை அறவே போக்கும் திரவத்தால் மிதியடியை நானே அலசிக் காய வைத்தேன். புது மிதியடி வாங்கிக்கொள்கிறேன் என்றார் செக்ரட்டரி. சம்பவ இடத்தில் எதையும் மாற்றக் கூடாது என்று தடுத்துவிட்டேன். அதே மிதியடி, அதே வாசல், அதே கம்பிக் கதவு. தினமும் காலையில் அவரே குனிந்து தொட்டுப் பார்த்து, “காஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

கூட்டத்தில் எங்கள் முறை வந்தது. விதி நூலோடு தயாராக இருந்தேன். செக்ரட்டரி எழுந்தார். “பூனை விஷயம் மாமி தீர்த்துட்டா. அடுத்தது லிஃப்ட்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான் வாங்கிய எந்த நற்சான்றிதழிலும் இவ்வளவு சுருக்கமான பாராட்டு கிடையாது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அந்தக் கூடையை எடுத்து, மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெங்காயத்தைக் கொட்டி வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். பூனை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டது.

என் உத்தியோகத்தில், கோப்பு மேஜைக்கு வரும்போதே முடிவு என்ன என்று மேலே யாராவது தீர்மானித்திருப்பார்கள். முடிவு தெரியாமல் நான் நடத்திய ஒரே விசாரணை இது. அதில் நிரபராதி விடுதலையானதை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். யாருக்காவது கெட்ட பழக்கம் என்று எவரேனும் சொன்னால், அவர் பக்கத்தில் எது குலுங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். என் புகாருக்கும் பதில் வராமல் இல்லை. பாதிக்கப்பட்டவர் உரிய சான்றுகளுடன் நேரில் ஆஜராகி மனுச் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் அப்போது என் கணவரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார். தீபாவளி கழிந்து அனுப்பிய புகாருக்குப் பதில் வந்த நாள், மராத்தியர் புத்தாண்டான குடி பாட்வாவுக்கு மறுநாள்.