பாரிஸ் திருடர்களும் விழுப்புரம் டவுன் பஸ்ஸும்

டிராவல்ஸ் ஆபீஸ் என்றால் டிக்கெட் விற்கிற வேலை என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். டிக்கெட்டோடு சேர்த்துப் பயத்தையும் ஒரு தாளில் மடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான், ஒரு டைப்ரைட்டர், சுற்றும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருப்பதால், வருகிறவர்களில் பாதிப் பேர் பாரிசுக்குப் போகிறவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அங்கேயே தங்கிவிட்ட அண்ணன், அங்கே வாழ்க்கைப்பட்ட மகள் என்று யாராவது கூப்பிட்டிருப்பார்கள். நான் பி.ஏ. வரலாறு. வீடு திண்டிவனம். நான் பார்த்திருந்த ஒரே பெரிய நகரம் மெட்ராஸ். அதுவும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. என்னைப் போலவே, பார்க்காத ஊருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களாவது இதைப் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பன்னிரண்டு எச்சரிக்கைகள்

எங்கள் முதலாளி ஒரே ஒரு முறை பாரிசுக்குப் போனவர். போன மூன்றாம் நாளே மெத்ரோவில் பர்சைப் பறிகொடுத்தவர். மெத்ரோ என்பது அங்கே பூமிக்கு அடியில் ஓடும் ரயில். அந்தப் பர்சின் துக்கம் ஆறாமல், "நம்ம கஸ்டமர் யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது. எப்படி எப்படி ஜாக்கிரதையா இருக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதும்மா" என்றார். அவர் சொன்னது நாலு. மீதி எட்டும் என் சொந்தச் சரக்கு. கொஞ்சம் பத்திரிகையில் படித்தது, கொஞ்சம் போய் வந்தவர்கள் சொன்னது, மற்றதெல்லாம் என் மனசுக்குள் ஏற்கெனவே இருந்த பயம்.

நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க வராத எனக்கு, காகிதத்தில் மட்டும் எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடும். பாஸ்போர்ட்டை உள்பையில் வைத்து ஒரு ஊக்கு குத்தவும். உதவிக்கு வரும் அந்நியரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். உங்கள் முன்னால் யாராவது எதையாவது கீழே போட்டால் குனியாதீர்கள். ரயிலில் கதவோரம் நிற்காதீர்கள். இப்படிப் போய், பதினொன்றாவது: திருடன் அகப்பட்டால் அவன் என்ன சமாதானம் சொன்னாலும் பிடித்த கையை விட வேண்டாம். பன்னிரண்டாவது: கூச்சப்படாமல் உரக்கக் கத்தவும். கூச்சப்படாமல் என்று எழுதியது நான்தான்.

சைக்ளோஸ்டைல் செய்து வந்த முதல் பிரதியை முதலாளி நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நல்லாதாம்மா எழுதியிருக்கே. அன்னைக்கு இதைப் படிச்சிருந்தா என் பர்சு போயிருக்காது. ஏன்னா, நானே போயிருக்க மாட்டேன்."

மடியில் என்ன

அந்தத் தாளை எழுதிய பிறகு அது முதலில் வேலை செய்தது என்னிடம்தான். தினமும் காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறுவேன். அதுவரை கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டு, ஏறுகிற இறங்குகிற எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பையில் எலுமிச்சஞ்சோறு டப்பாவும் ஒரு சீப்பும்தான் இருக்கும்.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஏறி என் அருகில் உட்கார்ந்த அம்மாள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு, வெகு நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "மூச்சு முட்டப் போவுது கண்ணு, கொஞ்சம் தளர்த்திப் புடி. உள்ள இன்னா, கோழியா?"

பதினோரு ஊக்கு

வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர், பாரிசில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனார். பாஸ்போர்ட்டுக்காகவே பனியனில் உள்பை தைத்துக்கொண்டார். ஒரு ஊக்கு குத்தவும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அவர் வீட்டம்மா ஒன்று குத்த, அக்கா ஒன்று குத்த, மருமகள் பங்குக்கு இரண்டு குத்த, வீடே ஆளுக்கு ஒன்றாகப் பாசத்தைக் குத்தி அனுப்பியதில் பதினொன்று ஆகிவிட்டது.

பாரிஸ் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார். இவர் மேல்சட்டையைக் கழற்றி, அடுத்த சட்டைப் பொத்தானை அவிழ்த்து, ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டே போக, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிருக்கிறது. ஆறாவது ஊக்கில் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தானே குனிந்து உதவி செய்தாராம். ஊர் திரும்பியதும் ஒரு பை பச்சை மல்லாட்டையோடு ஆபீசுக்கு வந்து நன்றி சொன்னார். என்னைக் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்: "ஒரு பொருள் போவலம்மா. திருடனே வந்திருந்தாக்கூட, 'கொஞ்சம் இந்தப் பக்கம் புடி சாமி'ன்னு நான்தான் அவனுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கணும்!"

தமிழ் புரிந்த ஒரே ஆள்

ஓமந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், படித்து முடித்து, மாமா வீட்டுக்குப் போனான். விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்ன மாமாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். தன் சிநேகிதரை அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் புகைப்படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே வந்து பெட்டியின் கைப்பிடியில் கை வைத்திருக்கிறார். நம் பையனுக்கு என் தாள் மனப்பாடம். உதவிக்கு வரும் அந்நியர்! பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு, "திருடன், திருடன்!" என்று தமிழில் அலறியிருக்கிறான். அந்தக் கூடம் முழுவதிலும் அது புரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்; திட்டு வாங்கியவருக்கு.

இரண்டு வருஷம் கழித்து, மனைவிக்கு டிக்கெட் எடுக்க அவன் திரும்ப வந்தான். பழைய கதையை நினைத்து எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தச் சிநேகிதர் மன்னித்துவிட்டாரா என்று மட்டும் கேட்டேன். அவன் பக்கத்தில் நின்றிருந்த புதுப்பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க மேடம் மன்னிச்சாரு? அவரு இப்ப எனக்கு மாமனாரு. தினம் சொல்லிக்காட்றாரு."

ஆரோக்கியமேரி அக்கா

இதுவரைக்கும் சிரிப்புதான். ஒரு வியாழக்கிழமை ஆரோக்கியமேரி அக்கா வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மயிலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். புருஷன் இல்லை. ஒரே மகள் பாரிசில், முதல் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மருமகனுக்கு ஷிப்டு வேலை. அங்கே வேறு சொந்தம் யாருமில்லை. மகளைக் கவனித்துக்கொள்ள அக்கா போக வேண்டும். போனால், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மெத்ரோவில் தனியாகப் போய்வர வேண்டியிருக்கும். பத்து நாள் முன்பு நான்தான் டிக்கெட்டும் தாளும் கொடுத்து அனுப்பியிருந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பன்னிரண்டையும் படித்திருக்கிறார்.

தாளை மேசையில் வைத்தார். டிக்கெட்டை அதன்மேல் வைத்தார். "நா போவலம்மா. அத்தினி திருடன் கீற ஊர்ல நா எப்படிம்மா நடமாடுவேன்? கேன்சல் பண்ணிடு" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். தாளில் அத்தனை தைரியமாக எழுதியவளுக்கு, எதிரே உட்கார்ந்து சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். "யோசிச்சுக்குங்க அக்கா" என்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நா யோசிச்சிட்டேன். நீ நல்லா எழுதறியே, எம் பொண்ணுக்கு நீயே ஒரு கடுதாசி எழுதிடு கண்ணு. 'உங்கம்மா பயந்துக்கினு வரல'ன்னு."

ஒத்திகை

அந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியவில்லை. டிக்கெட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, "சனிக்கிழமை வாங்க அக்கா, பழகிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எதைப் பழகுவது என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுதான் பாரிஸ், டவுன் பஸ்தான் மெத்ரோ, நான்தான் திருடி.

திருட்டுக்கு நான் கொஞ்சமும் லாயக்கு இல்லை. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் முதல் தடவை அக்காவின் பைக்குள் கையை விடும்போதே, "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று வாய் தவறி வந்துவிட்டது. "திருடன் மன்னிப்பு கேட்டுக்கினா வருவான்? சரியா பண்ணு" என்று அக்கா கடிந்துகொண்டார். இரண்டாம் தடவை என் வளையல் அவர் பையின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் தடவைக்கு, கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ் ஒன்றில் ஏறினோம். நான் இரண்டு ஆள் தள்ளி நின்றேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி என்னை அக்காவின் பக்கத்தில் தள்ளியது. எனக்கு எப்படி அவ்வளவு சாமர்த்தியம் வந்ததோ, பர்சு என் கைக்கு வந்துவிட்டது. அதே நொடியில் ஒரு கை என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்தது. "திருடி! திருடி! எம் பர்சு!" பன்னிரண்டாவது எச்சரிக்கையை யாருமே அதுவரை அவ்வளவு அழகாகக் கடைப்பிடித்ததில்லை.

பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் விசில் ஊதினார். "அக்கா, நான்தான் அக்கா! ஒத்திகைன்னு சொல்லுங்க!" என்று நான் கெஞ்ச, அக்காவின் பிடி இன்னும் இறுகியது. "எதுக்கும்மா ஒத்திகை? கச்சேரியா வெக்கப்போற?" என்றார் ஒருவர். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து நெருக்க, என் கையிலிருந்த குடை எங்கேயோ போயிற்று; அதை யார் எடுத்தது என்று கேட்கிற தகுதி அந்த நேரத்தில் எனக்கு இல்லை. முன்சீட்டில் இருந்த பெண்மணி என் புடவையிலிருந்து செருப்பு வரை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "படிச்ச பொண்ணாட்டம் கீது. இப்பல்லாம் இதுக்குக்கூட படிச்சாதான் எடுப்பாங்க போலக்கீது."

ஏட்டய்யா படித்தது

கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார். உள்ளே போகிற வரைக்கும் அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. ஏட்டய்யா பேரைக் கேட்டபோது என் பேர் எனக்கே ஞாபகம் வரவில்லை. இந்த விஷயம் திண்டிவனத்துக்குப் போனால் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கைப்பையிலிருந்து எச்சரிக்கைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். பேசுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவர் நிதானமாகப் படித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரும்மா?" என்றார். "எங்க டிராவல்ஸ் பொண்ணு சார். தங்கமான பொண்ணு" என்றார் அக்கா. "பின்ன ஏன் கையை உடல?" அக்கா தாளைச் சுட்டிக்காட்டினார். "பதினொண்ணுல போட்டுக்கீதே சார். இன்னா சமாதானம் சொன்னாலும் உடக்கூடாதுன்னு." ஏட்டய்யா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. எங்களை அனுப்பும்போது, "இது பாரிசுக்குன்னு எழுதினதா? நம்ம பஸ் ஸ்டாண்டுக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போம்மா" என்று ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து ஒரு சோடாக் கடையில் நின்றோம். என் மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அக்கா அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே எதையோ யோசித்தார். மூன்று நாளாக வாடிக்கிடந்த முகத்தில் இப்போது ஒரு மினுக்கு. "அந்த டிக்கெட்ட எடுத்துக் குடு கண்ணு. பட்டப்பகல்ல பஸ்ஸுல ஒருத்திய புடிச்சிட்டேன். அந்த ஊரு திருடனுக்கு மட்டும் இன்னா, மூணு கையா கீது?"

கடிதம்

அக்கா போனார். மாதம் ஒன்று முடிந்து இரண்டாவதும் பாதி போயிற்று. ஒரு செய்தியும் இல்லை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஒரு சரியான பதிலும் சொல்லாமல், ஒரு டவுன் பஸ்ஸை நம்பி, பயந்துகிடந்த மனுஷியை அனுப்பிவிட்டேனே என்று ஒவ்வொரு நாளும் என்னையே திட்டிக்கொண்டேன். புதிதாக வந்தவர்களிடம் தாளைக் கொடுக்கவும் கை வரவில்லை.

கடைசியில் ஒரு நீல நிறக் கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருந்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அக்கா தினமும் மெத்ரோவில் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாராம், கதவோரம் நிற்பதில்லையாம். ஒரே ஒரு நாள் கூட்டத்தில் பைக்குள் ஒரு கை நுழைந்திருக்கிறது. அதற்குமேல் அக்கா சொன்னதை மகள் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருந்தாள்: "லபக்குனு கையப் புடிச்சிட்டேன் கண்ணு. பாத்தா ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அது உன்னை மாதிரியே திருதிருன்னு முழிச்சுது. பாவம், யாருக்கோ ஒத்திகை காட்டுதோ இன்னாவோன்னு, பர்ச வாங்கிக்கினு உட்டுட்டேன்."

பாரிசை நான் இன்றுவரை பார்க்கவில்லை என்றாலும், அந்த ஊரில் ஒரு திருடி தப்பிப் போனதற்கு, பன்னிரண்டு எச்சரிக்கைகள் எழுதிய நான்தான் காரணம்.