குழாயடி மண்

எங்கள் புனே ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது இனிப்போடு ஒரு பொட்டலம் மண்ணும் கொண்டுவர வேண்டும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று ஒடுக்கச் சுரக்கும் பொருளிலிருந்துதான் புது ஆன்டிபயாடிக் தேடிக்கொண்டிருந்தோம். கொங்கண் கடற்கரை, மகாபலேஷ்வர் காடு என்று பொட்டலங்கள் வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு, ஊர் என்று சொல்லிக்கொள்ள, புனேக்குள்ளேயே இருக்கும் போபோடியை விட்டால் வேறு இடமில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் சால் வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் ஒரு கரண்டி மண் அள்ளிக்கொண்டு போனேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மண்ணில் முளைத்த நுண்ணுயிர் ஒன்றைச் சுற்றித்தான், கிருமி பூசிய கண்ணாடித் தட்டில், தெளிவாக ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் கிருமி வளரவில்லை. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி அது. தட்டை விளக்குக்கு நேரே பிடித்து மறுபடி மறுபடி பார்த்தேன்.

பிறகு வேலை பல கைகளுக்குப் போனது. வேதியியல் பிரிவில் இருந்த என் மராத்தித் தோழி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, அந்த நுண்ணுயிரை வளர்த்த மஞ்சள் கரைசலிலிருந்து மருந்தை மட்டும் பிரித்தெடுத்தாள். அவள் இல்லாவிட்டால் அது சாக்கடையில் கொட்டவேண்டிய தண்ணீர்தான். இதை நான் என்றும் மறுத்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்று எங்கள் பிரிவுத் தலைவர், அவருக்கு மேலே இருந்தவர், தோழி. என் பெயர் இல்லை. நேரே போய்த் தலைவரிடம் கேட்டேன்.

"மண் அள்ளுவதும் தட்டில் தேய்ப்பதும் ரொட்டீன் வேலை. யார் செய்திருந்தாலும் கிடைத்திருக்கும்," என்றார் ஆங்கிலத்தில். அந்தத் தட்டை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

பென்சிலினிலும் இப்படித்தான், பல பேர் உழைத்தும் பாடப்புத்தகத்தில் ஒருவர் பெயர்தானே நிற்கிறது என்று தோழி கான்டீனில் சமாதானம் சொன்னாள். அங்கே தட்டைப் பார்த்தவருக்குத்தான் பெயர் கிடைத்தது, இங்கே தட்டைப் பார்த்தவளுக்குத்தான் இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பக்கத்துக் கட்கியில் ராணுவத்துக்குக் குண்டு செய்யும் ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நானுந்தாம்மா இத்தினி வருஷம் குண்டு செஞ்சேன். எதுலயாவது எம்பேரு இருக்குதா?"

"அது எல்லாரும் செய்யறதுப்பா. இது நான் கண்டுபுடிச்சது."

"கொழாயடி மண்ணுதானே?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "அப்ப சால்ல இருக்கிற அத்தினி பேருக்கும் பங்கு உண்டு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மருந்து எலிகளுக்குப் போனது. கிருமி செத்தது, கூடவே எலிகளின் சிறுநீரகமும் பழுதானது. அளவைக் குறைத்தார்கள், மூலக்கூறை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் சரிப்படவில்லை. பெயர் விட்டுப்போனதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் இந்த மருந்தால் எழுந்து உட்காருவார் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

திட்டத்தை மூடுவதற்கு மும்பையிலிருந்து டைரக்டர் வந்தார். கூட்டத்தில் எல்லோரும் இருந்தோம். இத்தனை வருஷம் வீணாகியிருக்கிறது, இதை முதலில் பிடித்துக்கொண்டு வந்தது யார் என்று கேட்டார்.

பிரிவுத் தலைவர் தயங்கவே இல்லை. கடைசி வரிசையில் இருந்த என்னைக் காட்டினார். "மேடம்தான் சார். மண்ணிலிருந்து தட்டு வரை அவருடைய சொந்த வேலை. நாங்கள் அதைத் தொடர்ந்தோம், அவ்வளவுதான்."

என்ன தாராளம்! தோழி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டீன் வேலைதானே, யார் செய்திருந்தாலும் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். மனசு வரவில்லை. எழுந்து நின்றேன்.

"ஆமாம் சார், என்னுடையதுதான். மண் எடுத்தது நான். தட்டில் பார்த்ததும் நான்."

டைரக்டர் குறித்துக்கொண்டார். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை.