மடியில் கொடுத்த பிள்ளை

என் மகளுக்கு அப்போது பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதத்தில் ஒருநாளாவது மூன்று மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்கியிருப்பாளா? கிடையாது. கண்ணை மூடுவாள், அப்பாடா என்று நான் மூச்சு விடுவேன், அந்தச் சத்தத்துக்கே முழித்துக்கொள்வாள். "சில பிள்ளைகள் அப்படித்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களெல்லாம் நன்றாகத் தூங்கி எழும்பி வந்தவர்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

எனக்கோ பயம். ஒருநாள் மதியம் லுஹர் தொழுகையில், சுஜூதில் நெற்றி தரையில் பட்டபடியே தூங்கிப்போனேன். மாமி பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மருமகள் எவ்வளவு நேரம் துஆக் கேக்கிறா" என்று இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுகையில் தூங்குகிறவள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தூங்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? இவருக்குக் கடையை விட்டு அசைய முடியாது. "புள்ளயக் கண்டியில ஒரு டொக்டரிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் ஒரு காலையில் திகனவில் கண்டி பஸ் ஏறினேன். சரியான நெரிசல். என்னைப்போலவே கறுப்பு அபாயாவில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். நம்முடைய பஸ்களில் ஒரு வழக்கம் உண்டே, நிற்கிறவர்களின் பையையோ பிள்ளையையோ உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். சேலையும் பொட்டுமாய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டினார். மகளைக் கொடுத்தேன். பால் போத்தல் பை மட்டும் என்னிடம்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, தூங்கிவிட்டாள்! முன்பின் தெரியாத ஒருவரின் மடியில்! பொய் சொல்வானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. கம்பியைப் பிடித்தபடியே என் கண்ணும் செருகியது.

"பல்லேகல! பல்லேகல!" என்று கொண்டக்டர் கத்தினார். இறங்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் கார்மெண்ட் வேலைக்கு அங்கேதான் இறங்குவேன். கண் திறக்கும் முன்னே கால் இறங்கிவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வேலைக்குப் பிந்திவிட்டதே என்று நாலடி நடந்தும் விட்டேன். கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. யா அல்லாஹ்!

பஸ் போய்விட்டது. ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன். "அந்த பஸ்ஸப் பிடிங்கோ, என்ட புள்ள அதில!" போனைத் தேடினால் அதையும் வீட்டில் விட்டு வந்திருக்கிறேன். அந்த அம்மா எங்கே இறங்குவார்? பிள்ளையை யாரிடம் கொடுப்பார்? முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. சேலை பச்சையா நீலமா, அதுவும் தெரியவில்லை. நீயெல்லாம் ஒரு உம்மாவா என்று என்னையே ஏசிக்கொண்டு போனேன்.

குண்டசாலையில் ஆட்டோக்காரர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிறுத்தினார். ஓடி ஏறினேன். அதே இருக்கை, அதே மடி, மகள் இன்னும் தூக்கம். "என்ட புள்ள" என்று கையை நீட்டினேன். அந்த அம்மா அவளை இறுக்கிக்கொண்டார்.

"இருங்க. நீங்கதான் அம்மான்னு நான் எப்படி நம்புறது? கறுப்பு உடுப்புல நாலு பேரு நின்னீங்க. யாரு குடுத்தாங்கன்னு மொகத்த நான் பாக்கல. பெத்தவ புள்ளய மறந்துட்டு எறங்குவாளா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன பிழை? அவருடைய இடத்தில் நானும் கொடுத்திருக்கமாட்டேன்.

"புள்ளய எழுப்பிப் பாருங்க" என்றார் கொண்டக்டர்.

அவளைத் தூங்கவைக்க நான் படாத பாடில்லை. தூங்குகிறவளை ஒருநாளும் எழுப்பியதில்லை. குனிந்து கன்னத்தைத் தட்டினேன். "மகள், உம்மா வந்திருக்கேன்." அசையவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பி அந்த அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மகளுடைய தொடையைப் பிடித்து, நன்றாக வலிக்கும்படி கிள்ளினேன். வீறிட்டு எழுந்தாள். கிள்ளியவள் நான்தான். அந்த என்னிடமே இரண்டு கையையும் நீட்டி, "உம்மா" என்று அழுதாள்.