டாக்டர் வந்தால் முனகாத லிஃப்ட்

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கோளாறான லிஃப்டில் ஏறி நின்று அதன் சத்தத்தைப் பதிவு செய்வார். கேட்டுக் கேட்டே எங்கே தேய்கிறது என்று பிடித்துவிடுவார். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், கணினி ஃபோல்டர்களுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் தாராளம். 'பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட்' என்பதற்குள் 'கதவு மூடும்போது முனகுது'. அதற்குள் 'டாக்டர் வந்தா மட்டும் முனகல'. அதற்குள்ளும் ஒன்று.

அவர் இறந்துபோன பிறகு தங்கை எல்லாவற்றையும் தன் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டாள். கம்பெனி தன் கணினியைத் திரும்ப வாங்கி, அதிலிருந்ததை எல்லாம் அழித்துவிட்டது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே அங்கங்கே அண்ணன் குரல் இருந்தது. வேறெங்கும் அது இல்லை.

நேற்றுவரை திறந்த பதிவுகள் இன்று திறக்கவில்லை. பெயர் நீளம் என்றது திரை.

"என்னங்க, இதோட பேரே 'ரெண்டு'. இது நீளமாம்!"

கணவர் எட்டிப் பார்த்தார். "உங்க அண்ணன் கோவமா இருக்காரோ என்னவோ."

"விளையாடாதீங்க."

'ரெண்டு' என்பதை '2' ஆக்கப் பார்த்தாள். அதற்கும் விடவில்லை. கம்பெனியில் கணினி பார்ப்பவருக்குப் போன் போட்டாள்.

"மேல ஏதாவது மாத்தினீங்களா மேடம்?"

"மேலன்னா? மாடியிலயா?"

"வெளி ஃபோல்டர் பேரு மேடம். வெளியிலேர்ந்து உள்ளவரைக்கும் எல்லாப் பேரையும் கோத்துத்தான் கம்ப்யூட்டர் நீளத்தை எண்ணும். தமிழ் எழுத்துல கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. 'அண்ணன்' என்று மட்டும் இருந்ததை, மொட்டையாக இருக்கிறதே என்று, நேற்றுதான் 'உயிரினும் மேலான அன்பு அண்ணன் நினைவாக' என்று மாற்றியிருந்தாள். மரியாதை செய்யப்போய் அவர் வாயை அடைத்திருக்கிறாளா? நம்பவும் முடியவில்லை.

'நினைவாக' என்பதை எடுத்தாள். திறக்கவில்லை. 'உயிரினும் மேலான' போயிற்று. அப்போதும் இல்லை.

"அன்பையும் எடுக்கணுமாங்க?"

"எடும்மா. அவரு தப்பா நினைக்க மாட்டாரு."

எடுத்தாள். திறந்தது. கதவு உரசும் சத்தம், மோட்டார் இரைச்சல், பிறகு அண்ணன்: "இதோ... இதுதான். கேக்குதா?"

இருவரும் காதைக் கிட்டே கொண்டுபோனார்கள்.

"எதைச் சொல்றாரு?" என்றார் கணவர்.

"தெரியலையே." அவள் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.