சாருவின் அம்மா கண் சிமிட்டிய நாள்

என் மூத்த பேரன் பிரகாஷ் நர்ஸ் ஆகிவிட்டான். அவன் தங்கை தேவி ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடைக்குட்டி சாரு புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ். நான் படிப்பை விட்ட அதே ஐந்தாம் வகுப்பில் அவள் பாஸ்! இதையெல்லாம் சொல்லி லட்டு கொடுக்கத்தான் பஸ் ஏறி பதுளைக்குப் போனேன். நஸீர் நானாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தையல்காரர், "நானா மவுத்தாயிட்டாரும்மா. வெள்ளிக்கெழம அடக்கம் செஞ்சாச்சு" என்றார். லட்டுப் பொட்டலத்தோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் குழுவில் அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் மகள் ராணி குவைத்துக்கு வேலைக்குப் போனபோது சாரு கைப்பிள்ளை மாதிரிதான். வீட்டிலிருந்த ஒரே போன் மருமகனோடு வேலைக்குப் போய்விடும். கொழும்பில் ராணி முன்பு வேலை பார்த்த வீட்டில் கொடுத்த பழைய குட்டி லேப்டாப் ஒன்று கிடந்தது. விண்டோஸ் அதில் நகரவே இல்லை. நானாதான் அதை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அதில் குவைத்துக்கு வீடியோ கால் எடுத்தால் குரல் நன்றாக வந்தது. ராணியின் முகம்தான் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். சாரு அலறிக்கொண்டு என் சேலைக்குள் ஒளிவாள். "அது அம்மா இல்ல, பேய்!" அந்தப் பக்கம் ராணி, "புள்ள என்னய மறந்துருச்சாம்மா?" என்று அழுவாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். நானா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"படம் காட்டுற சிப் ஒண்ணு உள்ளுக்கு இருக்கும்மா. அத செஞ்சவங்க லினக்ஸுல அத ஓட்டுற புரோகிராம் ஒண்ணும் எழுதிக் குடுக்கல. எங்கயாவது ஒரு கிறுக்கன் உக்காந்து எழுதியிருப்பான். அவனத் தேடுவோம்."

"கிறுக்கன் எழுதினத நம்பலாமா நானா?"

"கிறுக்கன் இல்லாட்டி இந்தப் பழைய பெட்டிக்கு யாரும்மா எழுதுவா?"

தேடியெடுத்துப் போட்ட முதல் தடவை திரை கறுத்துவிட்டது. அடுத்த தடவை படம் வந்தது, கீழ்ப்பாதியைக் காணோம். "கறுத்துப் போச்சேன்னு பயப்படாதீங்க, அது இன்னும் சாகல" என்பார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை சாருவையும் கூட்டிவரச் சொன்னார். எனக்குப் பார்த்ததும் சரியாகத்தான் தெரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சரியா இல்லியான்னு நானும் நீங்களும் சொல்லி என்னத்துக்கு? புள்ள சொல்லட்டும்."

குவைத்துக்கு அழைப்புப் போனது. சாரு சேலைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ராணி பயந்து பயந்து, "சாரு" என்றாள். வாயும் குரலும் ஒன்றாக வந்தன.

"பாட்டி, அம்மா கண்ண மூடித் தொறக்குது!"

நானா மேசையில் தட்டிச் சிரித்தார். "இப்பத்தான் ரிப்பேர் முடிஞ்சிச்சு."

அந்த வருஷ சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு அதையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினோம். பூஜை முடிந்து திறந்தால் அடுப்பு மாதிரிச் சுட்டு அணைந்தது. நானா பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, "பொட்டு வைங்க, நான் வேணாங்கல. காத்து போற ஓட்டைய விட்டுட்டு நெத்தியில வைங்கம்மா" என்றார். அன்று முதல் அதற்கு மூடியில்தான் பொட்டு.

அந்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. புதிதாக ஏதோ ஏற்றவா என்று அடிக்கடி கேட்கும். ஏற்றினால் படம் போய்விடும் என்று நானா சொல்லியிருக்கிறார். 'வேண்டாம்' என்ற பொத்தானை நானே அமுக்குவேன். அவரிடமிருந்து என் கையில் இருப்பது அதுதான். இன்னொன்றும் இருக்கிறது: ராணி ஊர் வந்து இறங்கிய நாளில் சாரு தயங்காமல் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

ஒரு வேண்டுகோள். குழுவில் நீங்கள் போட்டிருப்பது நானாவின் அடையாள அட்டைப் படம். சாரு அதைப் பார்த்துவிட்டு, "நானா இப்பிடி மொறைக்க மாட்டாரே" என்கிறாள். கண்ணாடி நெற்றியில் இருக்க, அவர் சிரிக்கிற படம் யாரிடமாவது இருக்கும். அதைப் போடுங்கள். புள்ள சொல்லட்டும்.